விடியாமல் முடியும் ஒரு திருப்பாடல்

திருப்பாடல்கள் நூற்றைம்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துயரத்தின் குரலாய் ஒலிப்பவை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை கண்ணீரில் தொடங்கி நன்றியில் முடிகின்றன. எவ்வளவு காலம் மறந்திருப்பீர் என்று இறைவனிடம் முறையிட்டுத் தொடங்கும் 13-ஆம் திருப்பாடல், ஆறே வசனங்களுக்குள் மகிழ்ச்சிப் பாடலாக மாறிவிடுகிறது. கைவிடப்பட்டவனின் அலறலாய்த் தொடங்கும் 22-ஆம் திருப்பாடலும் மக்கள் சபையின் நடுவே எழும் புகழ்ச்சியாக நிறைவு பெறுகிறது. 88-ஆம் திருப்பாடலோ இருளில் தொடங்கி, இருளில் நடந்து, இருளிலேயே நின்றுவிடுகிறது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்' என்பதுதான். அந்தச் சொல்லுக்குப் பின் ஆமென் இல்லை, நன்றி இல்லை, நம்பிக்கைச் சொல் ஒன்றுகூட இல்லை.

இந்தத் திருப்பாடலைத்தான் திருச்சபை தன் திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்திற்கெனத் தெரிந்தெடுத்து வைத்திருக்கிறது. வாரந்தோறும், உறங்கப் போகுமுன், உலகெங்கும் குருக்களும் துறவியரும் பொதுநிலையினர் பலரும் இதைச் சொல்லுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் சொன்னேன். சொன்னேனேயன்றி, வாசித்தேன் என்று கூற இயலாது. இதை வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இறையியல் பேராசிரியர் எவரும் அல்லர். ஒரு கிராமத்து உபதேசியார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன். ஒப்புரவு அருளடையாளத்தில் அல்ல, பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து ஒரு மாலை அவர் என்னிடம் சொன்னார்: "சாமி, வாய் செபம் சொல்லுது. உள்ளே ஒண்ணுமே இல்லை. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு. ராத்திரி மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்லை." அவர் கடன்பட்டவர் அல்லர், வீட்டில் சாவு நேர்ந்ததும் இல்லை. காரணம் தெரியாததே அவரை மேலும் வாட்டியது. நான் என்ன சொன்னேன்? ஊருக்கே செபம் சொல்லிக்கொடுக்கும் நீங்களே இப்படிச் சோர்ந்துபோகலாமா என்று கேட்டேன். ஒரு நவநாள் செபத்தைக் கொடுத்து, விசுவாசத்தோடு சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன். அவர் தலைகுனிந்து போனார். அதன்பின் திண்ணைக்கு வரவில்லை. சில வாரங்களில் கோவிலுக்கும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவருடைய மனைவி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் பேசிய எதற்கும் பதில் இல்லை. என்னிடமும் சொல் தீர்ந்துபோயிற்று. கையில் செபப்புத்தகம் இருந்தது; இரவுச் செபம் இன்னும் சொல்லவில்லை. செய்வதறியாமல், அன்றைக்குரிய திருப்பாடலை வாய்விட்டு வாசித்தேன். முடித்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சாமி, இதுவும் செபந்தானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

இது செபமா என்று ஐயுற உபதேசியாருக்குக் காரணம் உண்டு. வாசகர்கள் திருவிவிலியத்தைத் திறந்து இத்திருப்பாடலின் பதினெட்டு வசனங்களையும் ஒருமுறை வாசித்துவிட்டு மேலே தொடர்வது நல்லது. இங்கே பாவ அறிக்கை இல்லை. பகைவரைப் பற்றிய புலம்பல்கூட இல்லை. பாடுபவன் தன் நிலைக்குப் பிறர் எவரையும் குற்றம் சாட்டவில்லை. நேராகக் கடவுளையே சுட்டுகிறான். குழியில் தள்ளியவர் நீர், அலைகளால் அமிழ்த்தியவர் நீர், நண்பர்களை என்னிடமிருந்து விலக்கியவர் நீர் என்று முன்னிலையில் நிறுத்தியே பேசுகிறான். இறந்தோருக்காகவா நீர் வியத்தகு செயல் புரிவீர் என்ற பொருளில் அடுக்கடுக்காக வினவுகிறான். கல்லறை, அழிவின் இடம், இருள், மறதியின் நாடு எனச் சாவுக்கு எத்தனை பெயர்கள் உண்டோ அத்தனையையும் எடுத்து வைக்கிறான்.

தமிழ் இலக்கணம் அறிந்தவர்க்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுகிறார்: பிறர் இகழ நேரும் இளிவு, உற்றாரை இழக்கும் இழவு, பண்டைய நிலை கெட்டுத் தளரும் அசைவு, துய்ப்பதற்கு ஒன்றுமற்ற வறுமை. நான்கும் இத்திருப்பாடலில் உண்டு. அறிமுகமானோர் அருவருத்து ஒதுங்குவது இளிவு. நண்பரும் அன்பரும் அகன்றுபோவது இழவு. வலிமை அற்றவனாய், கண்ணும் மங்கியவனாய்க் கிடப்பது அசைவு. கைகளை விரித்தும் எதுவும் கிட்டாமை வறுமை. இன்னும் ஒன்று. தலைவன் மாண்டபின் எஞ்சி நிற்போர் பாடும் இரங்கற்பாட்டைக் கையறுநிலை என்கிறோம். 88-ஆம் திருப்பாடலில் இறந்தவனும் இரங்குபவனும் ஒருவனே. மூச்சு இருக்கும்போதே இறந்தோருள் ஒருவனாக எண்ணப்பட்டுவிட்டவன் தனக்குத் தானே பாடிக்கொள்ளும் கையறுநிலை இது.

மனநல மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்று அழைப்பதன் அடையாளங்களை அறிந்தவர்க்கு இந்தச் சித்திரம் அந்நியமாக இராது. பேச்சு வழக்கில் 'மன அழுத்தம்' என்று சொல்லி அன்றாடக் கவலையையும் இந்த நோயையும் ஒன்றாக்கிவிடுகிறோம். கவலை ஒரு நிகழ்ச்சியைப் பற்றி வருகிறது; நல்ல செய்தி கேட்டால் தணிகிறது. மனச்சோர்வு நோயோ இரண்டு வாரங்களுக்கும் மேலாக, நாளின் பெரும்பகுதி, எதிலும் பற்றின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, உடல் பாரமாகி, தன்னைப் பயனற்றவனாகவும் குற்றவாளியாகவும் எண்ணச் செய்வது. பிறவிக்கூறு, உடலின் வேதியியல், வாழ்வின் இழப்புகள், தனிமை எனப் பலவும் அதில் பின்னிக்கிடக்கின்றன. சிலருக்குத் தைராய்டு சுரப்பி குன்றுவதுகூடக் காரணமாகலாம். மன உறுதி இல்லாதவர்க்கு வரும் குறை அன்று அது. விசுவாசம் இல்லாதவர்க்கு வரும் தண்டனையும் அன்று.

ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு கவிஞனுக்கு மருத்துவச் சீட்டு எழுதுவது திறனாய்வு ஆகாது. அவன் தொழுநோயாளியாக இருந்திருக்கலாம், வேறு கொடிய பிணியில் கிடந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. நமக்கு வேண்டியது அவனுடைய நோயின் பெயர் அன்று. அவனுடைய சொல் இன்று படுத்துக்கிடப்பவருக்கு என்ன செய்கிறது என்பதே. அதைக் காண, இத்திருப்பாடலுக்கு வழங்கிவரும் விளக்கங்களை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிறிஸ்துவின் பாடுகளோடு இணைக்கும் விளக்கம். புனித அகுஸ்தினார் இத்திருப்பாடலை ஆண்டவருடைய பாடுகளின் முன்னறிவிப்பாகவே வாசித்தார். எருசலேமில் 'சேவல் கூவிய இடத்துப் புனித பேதுரு ஆலயம்' என வழங்கும் கோவிலின் அடியில் ஒரு பாறைக் குழி உண்டு. இயேசு பாடுபடுமுன் அன்றிரவு அடைக்கப்பட்டிருந்த இடம் அது என்பது மரபு. திருப்பயணிகள் அக்குழிக்குள் நின்று இத்திருப்பாடலை வாசிக்கிறார்கள். இந்த விளக்கம் உண்மையானது, ஆறுதலும் தருவது. ஆயினும் இதை அவசரமாகக் கையாண்டால் ஆபத்து உண்டு. படுத்திருப்பவரைப் பார்த்து, இயேசுவே துன்புற்றார், நீ எம்மாத்திரம் என்று சொன்னால், பாடுகள் அவருக்கு ஆறுதலாக வருவதில்லை, குற்றப்பத்திரிகையாக வருகின்றன. கெத்சமனியில் ஆண்டவர் சீடரிடம் தம் துயரத்திற்கு விளக்கம் கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்கும்படியே கேட்டார்.

இரண்டாவது, ஆன்மாவின் இருண்ட இரவு என்னும் விளக்கம். புனித சிலுவை அருளப்பர் தம் 'இருண்ட இரவு' நூலின் இரண்டாம் பகுதியில் இத்திருப்பாடலின் சொற்களையே எடுத்தாளுகிறார். இருட்டைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. 1577 இறுதியிலிருந்து 1578 ஆகஸ்டு வரை தொலேதோ நகரில் தம் சபையினராலேயே சிறை வைக்கப்பட்டவர் அவர். அவருடைய நூலைப் படிக்காமலே அந்தச் சொற்றொடரை மட்டும் கடன் வாங்கி, எல்லாச் சோர்வையும் இருண்ட இரவு என்று மகுடம் சூட்டுவோர் நம்மிடையே உண்டு. அவரோ மிக விழிப்பானவர். வறட்சி இறைவனிடமிருந்து வருகிறதா, வேறு காரணத்தால் வருகிறதா என்று பகுத்தறிய மூன்று அடையாளங்கள் தருகிறார்: இறைவனுக்குரியவற்றிலோ படைப்புப் பொருள்களிலோ இன்பம் காணாமை, ஆயினும் இறைவனுக்குப் பணிபுரியத் தவறுகிறோமோ என்னும் ஓயாத ஏக்கம், முன்போல் தியானிக்க இயலாமை. இத்தோடு நில்லாமல், அக்கால மருத்துவம் துயர்நீர் என்று அழைத்த உடற்கோளாறும் இவ்வறட்சியோடு கலந்திருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறார். பதினாறாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் இவ்வளவு தெளிவாக உடலையும் ஆன்மாவையும் வேறுபடுத்தவும் சேர்த்துப் பார்க்கவும் முடிந்தது. அப்படியிருக்க, நான் அன்று ஒரு நவநாள் தாளோடு கடமையை முடித்துக்கொண்டேன். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இறைவன் இரவில் பேசுவார் என்பது, விளக்கேற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது.

மூன்றாவது, துன்பத்திற்கெல்லாம் பொருள் உண்டு என்னும் விளக்கம். இதற்குச் சான்றாக வியன்னா நகரத்து மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிளை எடுத்துக்காட்டுவது மறையுரைகளில் வழக்கமாகிவிட்டது. நாத்சி வதைமுகாம்களில் துன்புற்று மீண்டு, 1946-இல் அவர் வெளியிட்ட நூல் புகழ்பெற்றது. ஆனால் நாம் பாதியை மட்டும் சொல்லுகிறோம். தவிர்க்க முடியாத துன்பத்திலும் மனிதன் பொருள் காண முடியும் என்றார் அவர். தவிர்க்கக்கூடிய துன்பமாயின் அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல் என்றும், தேவையின்றித் துன்புறுவது வீரம் அன்று என்றும் சேர்த்தே சொன்னார். மருந்தால் தணியக்கூடிய நோயைச் சிலுவை என்று பெயரிட்டுச் சுமக்கச் சொல்லுகிறவர், நோயாளி கேளாத சிலுவையைத் தாமே செய்து தோளில் ஏற்றுகிறவர். யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. அவர்கள் முதல் ஏழு நாள் தரையில் அமர்ந்து மௌனமாயிருந்தபோது நண்பர்களாயிருந்தார்கள். பொருள் சொல்ல வாய் திறந்த பிறகே அவருக்குப் பாரமானார்கள்.

அப்படியானால் மனச்சோர்வில் பொருளே இல்லையா? உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் அது நோய்க்குள் புதைந்திருக்கும் புதையல் அன்று. பிறர் தோண்டி எடுத்துக் கொடுக்கக்கூடியதும் அன்று. 88-ஆம் திருப்பாடல் அதை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

இருளைப் பற்றி இப்பாடலில் விளக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று இடங்களில், முதல் வசனத்திலும் ஒன்பதாவதிலும் பதின்மூன்றாவதிலும், பாடுபவன் மீண்டும் மீண்டும் இறைவனைக் கூப்பிடுகிறான். பகலும் இரவும் கூப்பிடுகிறான். நாள்தோறும் கைகளை நீட்டுகிறான். காலையில் அவன் வேண்டுதல் இறைவன் முன் போய் நிற்கிறது. எபிரேயத்தில் இம்மூன்று இடங்களிலும் கூப்பிடுதலுக்கு வெவ்வேறு வினைச்சொற்கள் வருகின்றன. ஒரு சொல் தேய்ந்துபோனால் வேறொரு சொல்லைத் தேடி எடுத்து அவன் கூப்பிடுகிறான். தொடக்கத்தில் இறைவனை மீட்பளிப்பவர் என்று அழைத்ததைக் கடைசிவரை அவன் திரும்பப் பெறவில்லை. பாடல் முழுவதிலும் ஒளி என்று சொல்லத்தக்கது அந்த ஒரு விளி மட்டுமே. மகிழ்ச்சி போயிற்று, ஆறுதல் போயிற்று, நண்பர் போயினர். 'நீர்' என்னும் முன்னிலை மட்டும் போகவில்லை. உணர்ச்சி வற்றிய பின்னும் நிலைத்து நிற்கும் இந்த முன்னிலையை விசுவாசம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? உள்ளே ஒன்றுமே இல்லை என்று என்னிடம் வந்து சொன்ன உபதேசியாரிடம் இதுவே இருந்தது. நான்தான் அதை விசுவாசக் குறைவு என்று தவறாகப் படித்தேன்.

இன்னொன்று, இதனினும் பெரிது. இத்திருப்பாடலின் இறுதிக் குறை தனிமை. எட்டாம் வசனத்தில் ஒருமுறை சொல்லிய நண்பர் பிரிவை, முடிவில் மீண்டும் சொல்லி, இருளோடு நிறுத்திவிடுகிறான் கவிஞன். ஆனால் பாடலின் தலைப்பைப் பாருங்கள்: கோராகின் மக்கள் என்னும் பாடகர் குழுவினருக்குரியதாக அது குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லாராலும் கைவிடப்பட்டேன் என்று ஒருவன் தனியே அழுத சொற்களை, எருசலேம் ஆலயத்தின் பாடகர் கூட்டம் எடுத்துத் தன் பாடலாக்கிக்கொண்டது. அவர்கள் அதைத் திருத்தவில்லை. கடைசியில் ஒரு நன்றி வரியைச் சேர்த்து அழகுபடுத்தவும் இல்லை. இருளில் முடிந்ததை இருளில் முடிந்தபடியே பாடினார்கள். தனியன் ஒருவனின் முறையீட்டைச் சபையார் அனைவரும் தம் வாயால் சொல்லும் அந்தக் கணத்தில், பாடல் கூறும் தனிமை உடைபடுகிறது. பாடலுக்குள் விடை இல்லை. பாடப்படுவதில் விடை இருக்கிறது. இதுவே இத்திருப்பாடலைப் பற்றி நான் சொல்ல விரும்பும் ஒன்று. மனச்சோர்வின் பொருள் இருளுக்குள் இருப்பதன்று. அந்த இருளைத் திருத்தாமல் கேட்டு, அதன் சொற்களைத் தன் சொற்களாக ஏற்கும் இறைச்சமூகத்தினிடையே அது பிறக்கிறது.

"இதுவும் செபந்தானா?" என்று கேட்ட உபதேசியாருக்கு, ஆம் என்றேன். இன்றிரவு திருச்சபை முழுவதும் இதைத்தான் சொல்லுகிறது என்றேன். அவர் அழுதார். பல வாரங்களாக அழவும் இயலாமல் கிடந்தவர் அவர். மறுநாள் அவரை மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆயிற்று. ஒரு மருந்து ஒவ்வாமல் மாற்றவும் நேர்ந்தது. மெல்ல மெல்லத் தேறினார். திருப்பாடல் அவரைக் குணமாக்கியது என்று நான் எழுதமாட்டேன், குணமாக்கியது மருத்துவம். நோயைப் பாவம் என்று எண்ணி ஒளிந்துகொண்டிருந்தவரை வெட்கமின்றி மருத்துவரிடம் போகும்படி எழுப்பியது திருப்பாடல். இரண்டும் இறைவனின் கொடைகளே.

நம் பங்குகளில் இப்படி ஒளிந்திருப்போர் இன்னும் உண்டு. பிள்ளை பெற்றபின் காரணமின்றி அழும் தாய், பணி ஓய்வு பெற்றபின் பேச்சடங்கிப்போன தந்தை, தேர்வு எழுதமுடியாமல் அறைக்குள் முடங்கிய மாணவன் என எத்தனையோ முகங்கள். அருள்கூர்ந்து அவர்களிடம் விசுவாசத்தைப் பற்றி விசாரணை நடத்தாதிருப்போம். மந்திரம், செய்வினை என்று அலைக்கழிக்காமலும் இருப்போம். ஆறுதலற்ற வேளையில், முன்பு எடுத்த நல்ல தீர்மானங்களை மாற்றாதே என்பது புனித இஞ்ஞாசியார் தந்த விதி. 1522-இல் மன்ரேசாவில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை துன்புற்று மீண்டவர் சொன்ன விதி அது. அத்தகைய எண்ணம் எவருக்கேனும் வருமானால் தனியே விடாது உடனிருப்போம், நேராகக் கேட்போம், மருத்துவரிடம் அழைத்துப்போவோம். 14416 என்ற எண்ணில், 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையைக் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.

அந்த இருளில் ஒருவரை இழந்துவிட்ட குடும்பங்களுக்கும் ஒரு சொல். மனமறிந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்க்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுக்கும் விதி 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இருந்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது இல்லை. கடுமையான மனக்கோளாறு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் நின்று இன்னும் வெட்கப்படுவோர் இதை அறிந்திருப்பது நலம்.

உபதேசியார் இன்றும் மருந்து எடுத்துக்கொள்கிறார். இன்றும் செபம் சொல்லிக்கொடுக்கிறார். நான் அந்தப் பங்கைவிட்டு மாறிப் பல ஆண்டுகள் ஆயின. வெள்ளிக்கிழமை இரவில் இத்திருப்பாடலுக்கு வரும்போதெல்லாம், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் யாரோ ஒருவருக்காக அதை வாய்விட்டே சொல்லுகிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கடைசிச் சொல்லோடு புத்தகத்தை மூடி விளக்கை அணைக்கிறேன். மறுநாள் காலைச் செபத்திற்கு மணி அடிக்க வேண்டும்.